சூரிச்சிலிருந்து மிலானோவுக்கு எவ்வளவு தூரம்?

யாழ்ப்பாணத்திலிருந்தும் கனடாவிலிருந்தும் விடுமுறைக்குச் சூரிச்சிலுள்ள எங்கள் வீட்டுக்கு வரும் உறவினர்கள், வந்த களைப்புத் தீர்ந்ததும் கைப்பேசியில் ஐரோப்பிய வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, சூரிச்சிலிருந்து மிலானோவுக்கு எவ்வளவு தூரம், ஒரே நாளில் போய்த் திரும்பலாமா என்பதுதான். கேள்வி எளிது. ஆனால் இந்த ஊரில் பல ஆண்டுகள் வாழ்ந்த பின்பும் அதற்கு ஒற்றை எண்ணில் பதில் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. நேர்கோட்டில் அளந்தால் இரண்டு நகரங்களுக்கும் இடையே ஏறத்தாழ 218 கிலோமீற்றர்தான். சாலை வழியே போனால் சுமார் 280 கிலோமீற்றர். நேரடித் தொடருந்தில் கால அட்டவணைப்படி 3 மணி 17 நிமிடம். நேர்கோட்டுத் தூரத்தை இந்த நேரத்தால் வகுத்துப் பார்த்தால் மணிக்கு 66 கிலோமீற்றர் என்று வருகிறது. உலகின் மிக நீளமான தொடருந்துச் சுரங்கத்தின் வழியே செல்லும் வண்டிக்கு இது பெருமை தரும் கணக்கு அல்ல.

ஒப்பிட்டுப் பார்க்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. அதே மிலானோ நிலையத்திலிருந்து தெற்கே பொலோனாவுக்கு, 2008 டிசம்பரில் திறக்கப்பட்ட அதிவேகப் பாதையில் ஏறத்தாழ 215 கிலோமீற்றர். அதை இத்தாலிய அதிவேக வண்டிகள் ஒரு மணி நேரத்தைச் சற்றுத் தாண்டிய நேரத்தில் கடந்துவிடுகின்றன. பாரிசுக்கும் லியோனுக்கும் இடையிலான தூரம் நமது தூரத்தைவிட மிக அதிகம். பயண நேரமோ ஏறத்தாழ இரண்டு மணி. இந்த வேறுபாட்டைச் சொன்னதும் எல்லோரும் உடனே, "நடுவில் அல்ப்ஸ் மலை இருக்கிறதே" என்பார்கள். நானும் பல காலம் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அந்தப் பாதையை அதன் ஒவ்வொரு துண்டும் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்த்துப் பயணித்தால் தெரிய வருவது வேறு: மலை இப்போது இந்தப் பயணத்தின் மிக வேகமான பகுதி, நேரத்தைத் தின்பது மலைக்கு முன்னும் பின்னும் கிடக்கும் சமதரைதான்.

மலை உண்மையிலேயே தடையாக இருந்த காலமும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் லுசேர்ன் ஏரியின் தெற்கு முனையிலுள்ள ஃபுளூலனில் அஞ்சல் குதிரைவண்டி ஏறியவர், 2,106 மீற்றர் உயரத்திலுள்ள கொத்தார்ட் கணவாயைக் கடந்து கோமோவுக்கு அருகே வந்து சேர ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் வண்டியில் இருந்தாக வேண்டும். பனிக்காலத்தில் வண்டிக்குப் பதிலாகச் சறுக்கு வண்டி. அந்த அஞ்சல் வண்டி மலைச்சரிவில் பாய்ந்து வருவதையும் அதன் முன்னே ஒரு கன்று வெருண்டு ஓடுவதையும் ருடோல்ஃப் கொல்லர் 1873இல் தீட்டிய ஓவியம் சூரிச் கலைக்கூடத்தில் இருக்கிறது. அதை வரைவித்தது ஒரு தொடருந்து நிறுவனம், அன்பளிப்பாகப் பெற்றவர் அல்ஃபிரெட் எஷர் என்பதைக் கேட்டால் சிரிப்பு வரும். ஏனென்றால் அந்தக் குதிரைவண்டியை ஒழித்துக்கட்டிய கொத்தார்ட் தொடருந்துப் பாதையை முன்னின்று நடத்தியவரே எஷர்தான்.

முதல் கொத்தார்ட் சுரங்கத்தின் வேலை 1872இல் தொடங்கியது. கோஷெனனுக்கும் ஐரோலோவுக்கும் இடையே 15 கிலோமீற்றர். எட்டு ஆண்டுகளில் முடித்துத் தருவதாக ஒப்பந்தம் செய்துகொண்ட ஜெனீவாக்காரரான லூயி ஃபாவ்ர், 1879 ஜூலையில் சுரங்கத்தைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தபோது உள்ளேயே உயிரிழந்தார். அடுத்த ஆண்டு பிப்ரவரி 29ஆம் நாள் இரு பக்கத்துத் துளைகளும் சந்தித்தபோது, தொழிலாளர்கள் முதலில் அந்த ஓட்டை வழியே மறுபக்கம் அனுப்பியது அவருடைய படம் வைத்த ஒரு தகரப் பெட்டியை. தோண்டியவர்களில் பெரும்பாலோர் வட இத்தாலியிலிருந்து வந்த ஏழைத் தொழிலாளர்கள். ஏறத்தாழ 200 பேர் விபத்துகளில் இறந்தார்கள். வெப்பத்திலும் அழுக்கு நீரிலும் கொக்கிப்புழு தொற்றி நோயாளிகளானவர்கள் இன்னும் ஏராளம். 1875 ஜூலையில் கோஷெனனில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டு நான்கு பேர் கொல்லப்பட்டார்கள். செலவு மதிப்பீட்டைத் தாண்டிப் போனதால் 1878இல் பதவி விலக நேர்ந்த எஷருக்கு, சுரங்கம் சந்தித்த விழாவுக்கு அழைப்புக்கூட இல்லை. பிறகு 1889இல் சூரிச் தலைமை நிலையத்தின் வாசலில் சிலை வைத்தார்கள். மிலானோவுக்கு வண்டி பிடிக்கப் போகும் ஒவ்வொருவரும் இன்றும் அவரைக் கடந்துதான் போகிறோம். அவரோ நிலையத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வங்கிகள் நிறைந்த வீதியைப் பார்த்தபடி நிற்கிறார்.

1882இல் பாதை முழுவதும் திறக்கப்பட்டதும் ஒரு நாள் பயணம் சில மணி நேரப் பயணமாகச் சுருங்கியது. தொடருந்து நேராக மலை ஏற முடியாது என்பதால், சுரங்க வாயிலின் உயரத்தை எட்டுவதற்காக மலைக்குள்ளேயே வட்டமாகச் சுற்றி ஏறும் சுழல் சுரங்கங்களை அமைத்தார்கள். இதைக் கண்ணால் காண வேண்டுமானால் வாஸன் என்ற சிற்றூரைக் கடக்கும்போது சன்னலோரம் இருக்க வேண்டும். வடக்கிலிருந்து போகும்போது அந்த ஊரின் வெள்ளைத் தேவாலயம் முதலில் தலைக்கு மேலே மேட்டில் தெரியும்; வண்டி ஒரு சுரங்கத்துள் நுழைந்து வெளியே வந்தால் அதே தேவாலயம் நமக்குச் சமமான உயரத்தில் நிற்கும்; இன்னொரு சுற்றுக்குப் பிறகு காலுக்குக் கீழே கிடக்கும். மூன்று முறையும் அது வெவ்வேறு தேவாலயம் என்று என் சித்தி அடித்துச் சொல்லிவிட்டார். நான் கைப்பேசியில் வரைபடத்தைக் காட்டி விளக்கியும் ஏற்கவில்லை. வண்டி போகும் திசையும் மாறிமாறி வருவதால் எந்தப் பக்கம் தெற்கு என்று தெரியாமல் போவது அவர் குற்றமல்ல.

இந்த மலைப் பாதையில் மிலானோவுக்குப் போக நீண்ட காலம் ஏறத்தாழ நான்கு மணி நேரம் பிடித்தது. இடையில் வளைவுகளில் உடலைச் சாய்த்து ஓடும் இத்தாலிய வண்டிகளை விட்டுப் பார்த்து, அதில் ஏதோ கால் மணி, அரை மணி குறைத்தார்கள். வளைவுகளை அப்படியே வைத்துக்கொண்டு வண்டியை மட்டும் சாய்த்தால் அவ்வளவுதான் கிடைக்கும். எனவே மலையின் மேல்பகுதியைவிட்டு அடிவாரத்தையே துளைத்தார்கள்.

புதிய கொத்தார்ட் அடிவாரச் சுரங்கம் இரண்டு குழாய்களைக் கொண்டது, 57 கிலோமீற்றர் நீளம். வடக்கே எர்ஸ்ட்ஃபெல்டில் நுழைந்து தெற்கே போடியோவில் வெளியேறுகிறது. பழைய சுரங்கத்தின் உச்சி கடல் மட்டத்திலிருந்து 1,151 மீற்றர் உயரத்தில் இருந்தது. புதியதன் உச்சியோ ஏறத்தாழ 550 மீற்றரில்தான், அதாவது பேர்ண் நகரம் இருக்கும் அதே உயரத்தில். அல்ப்ஸ் மலையின் குறுக்கே போகும் வண்டி தலைநகரைவிடக் குறிப்பிடத்தக்க அளவு மேலே ஏறுவதில்லை என்பதை முதன்முதலில் படித்தபோது நம்பக் கடினமாக இருந்தது. தலைக்கு மேலே சில இடங்களில் 2,300 மீற்றர் தடிமனுக்குப் பாறை நிற்கிறது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 46 பாகை வரை இருந்ததால், தோண்டியவர்கள் வேலை செய்யக் காற்றைக் குளிரூட்டிச் செலுத்த வேண்டியிருந்தது. இந்தப் பணியிலும் ஒன்பது பேர் உயிரிழந்தார்கள். 2010 அக்டோபர் 15ஆம் நாள் முதற்குழாயில் இரு பக்கமும் சந்தித்தபோது பக்கவாட்டில் ஏற்பட்டிருந்த விலகல் 8 சென்ரிமீற்றர் மட்டுமே. 2016 ஜூன் முதல் நாள் திறப்பு விழா நடந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் வழக்கமான வண்டிகள் ஓடத் தொடங்கின.

உள்ளே போகும் அனுபவத்தை வருணிக்க அதிகம் இல்லை, அதுதான் அதன் சிறப்பு. எர்ஸ்ட்ஃபெல்டைக் கடந்ததும் காது இலேசாக அடைக்கும், சன்னல் கண்ணாடி கறுத்து அதில் நம் முகமும் எதிர் இருக்கைக்காரரின் கைப்பேசித் திரையும் தெரியும், வண்டி மணிக்கு 200 கிலோமீற்றர் வேகத்தில் போகிறது என்பதை மேலே தொங்கும் திரையைப் பார்த்தால் மட்டுமே அறியலாம். வெந்நீர்க் குப்பியைத் திறந்து தேநீரை ஊற்றி ஆறவைத்துக் குடித்து முடிப்பதற்குள் வெளிச்சம் வந்துவிடும். இருபது நிமிடத்துக்கும் குறைவு. வடக்கே மழைமூட்டத்தில் நுழைந்து தெற்கே வெயிலில் வெளியே வருவது அடிக்கடி நிகழும். அறிவிப்புகளும் அங்கிருந்து முதலில் இத்தாலிய மொழியில் வரத் தொடங்கிவிடும். தெற்கே பெலின்சோனாவுக்கும் லுகானோவுக்கும் இடையே 15.4 கிலோமீற்றர் நீளமுள்ள செனெரி அடிவாரச் சுரங்கம் 2020 செப்டம்பரில் திறக்கப்பட்டது. அரை மணி நேரமாக இருந்த அந்தத் துண்டு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது.

இனி மீதிப் பாதையைப் பார்ப்போம், ஏனென்றால் என் புகார் அங்கேதான் இருக்கிறது. சூரிச்சிலிருந்து ஆர்த்-கோல்டாவ் வரை சுமார் 45 கிலோமீற்றர். அதற்கு வண்டி ஏறத்தாழ நாற்பது நிமிடம் எடுத்துக்கொள்கிறது. தால்வில்லைத் தாண்டியதும் அது நுழையும் ஆல்பிஸ் சுரங்கம் 1897இல் திறக்கப்பட்டது, ஒற்றைத் தண்டவாளம். எதிரே ஒரு வண்டி வந்தால் நாம் காத்திருக்க வேண்டும். அடுத்து சூக் ஏரியின் கிழக்குக் கரையோரம் போகும் பாதையும் பெரும்பாலும் ஒற்றைத் தண்டவாளம்தான். அங்கே இரட்டைத் தண்டவாளம் போடுவதற்காக ஒன்றரை ஆண்டுக்கு மேலாகப் பாதையை மூடி, வண்டிகளையெல்லாம் மேற்குக் கரை வழியே திருப்பிவிட்டு, கடைசியில் வால்க்வில் ஊருக்கு அருகே ஏறத்தாழ 1.7 கிலோமீற்றரில் மட்டும் இரண்டாவது தண்டவாளம் கிடைத்தது. கரையோர வீடுகளையும் நாணற் படுகைகளையும் பார்த்தால் அதற்கு மேல் இடமில்லை என்பது விளங்கும். ஆனாலும் 57 கிலோமீற்றருக்கு மலையைத் துளைத்த நாடு இந்த ஏரிக்கரையில் எதிர்வண்டிக்காகக் காத்து நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பாகத்தான் இருக்கிறது.

தெற்குப் பக்கமும் அப்படியே. லுகானோவிலிருந்து எல்லை ஊரான கியாசோவுக்கு 26 கிலோமீற்றர், ஏறத்தாழ இருபத்தைந்து நிமிடம். இந்தத் துண்டுக்கும் புதிய பாதை போடும் எண்ணம் ஒருகாலத்தில் இருந்தது, லுகானோவோடு நின்றுவிட்டார்கள். கியாசோவிலிருந்து மிலானோ மத்திய நிலையம் 51 கிலோமீற்றர், நாற்பது நிமிடம். அதாவது 57 கிலோமீற்றர் மலைக்கடியில் இருபது நிமிடம். அதைவிடக் குறைந்த தூரமுள்ள லொம்பார்தியச் சமவெளிக்கு அதன் இரு மடங்கு. காரணம் தெளிவு: அது மிலானோவுக்கு வேலைக்குப் போய்வரும் பல்லாயிரம் பேரைச் சுமக்கும் நெரிசலான பாதை. அதில் மொன்சாவுக்கும் மிலானோவுக்கும் இடையிலான தடம் 1840இல் திறக்கப்பட்டது. இத்தாலியின் இரண்டாவது தொடருந்துப் பாதை அது. ஊர் வண்டிகளின் இடைவெளிகளில் நெடுந்தூர வண்டியைச் செருகித்தான் ஓட்ட வேண்டும். சூரிச்சிலிருந்து ஐந்து நிமிடம் தாமதித்துப் புறப்பட்ட வண்டி, தனக்கான இடைவெளியை இங்கே தவறவிட்டால், ஐந்து நிமிடம் பதினைந்தாக வளர்ந்து மிலானோ சேரும்.

மலை இல்லாத இடத்திலும் தூரம் கூடும் என்பதற்குச் சூரிச்சின் வடக்குப் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. ஸ்ருட்கார்ட் நகரம் நேர்கோட்டில் 165 கிலோமீற்றருக்கும் குறைவு. பயண நேரம் ஏறத்தாழ மூன்று மணி. இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1946இல் பிரெஞ்சுப் படையினர் இழப்பீடாக அந்தப் பாதையின் ஒரு பகுதியில் இரண்டாவது தண்டவாளத்தைக் கழற்றிக்கொண்டு போனார்கள். அது முழுவதுமாகத் திரும்ப வைக்கப்படவே இல்லை. மிலானோவுக்கு ஏன் இவ்வளவு நேரம் என்று மலையைக் கைகாட்டுபவர்களுக்கு நான் ஸ்ருட்கார்ட்டைக் கைகாட்டுவது வழக்கம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கொத்தார்ட் அடிவாரச் சுரங்கம் நம்மைப் போன்ற சுற்றுலாக்காரர்கள் மிலானோவில் காப்பி குடித்துவிட்டு வருவதற்காகக் கட்டப்பட்டதல்ல. 1992இல் சுவிஸ் வாக்காளர்கள் இந்தத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தார்கள். 1994இல் அல்ப்ஸ் மலைகளை ஊடறுத்துப் போகும் சரக்குகளைச் சாலையிலிருந்து தண்டவாளத்துக்கு மாற்ற வேண்டும் என்பதை வாக்களித்து அரசமைப்பிலேயே எழுதி வைத்தார்கள். ரொட்டர்டாம் துறைமுகத்தின் கொள்கலன்கள் ஜெனோவா வரை சமதரையில் ஓடுவதுபோல் ஓட வேண்டும் என்பதே நோக்கம். சுரங்கம் நாளொன்றுக்கு 260 சரக்கு வண்டிகளுக்கும் 65 பயணிகள் வண்டிகளுக்கும் என்று திட்டமிடப்பட்டது என்பதிலேயே முன்னுரிமை யாருக்கு என்பது தெரிகிறது. நமக்குக் கிடைத்த நேர மிச்சம் அந்தச் சரக்கு வண்டிகளின் தயவு.

அதே சரக்கு வண்டிதான் அந்த மிச்சத்தைத் திரும்பப் பறித்தும் கொண்டது. 2023 ஆகஸ்ட் 10ஆம் நாள் சுரங்கத்துக்குள் ஒரு சரக்கு வண்டியின் சில்லு உடைந்து, பெட்டிகள் தடம்புரண்டு, ஏழு கிலோமீற்றருக்கு மேல் தண்டவாளம் சிதைந்தது. ஒரே ஒரு குழாய் பழுதுபட்டதற்குச் சீரமைப்பு ஓராண்டுக்கு மேல் நீண்டது. 2024 செப்டம்பர் 2ஆம் நாள்தான் இரண்டு குழாய்களும் முழுமையாக இயங்கத் தொடங்கின. அதுவரை பெரும்பாலான பயணிகள் வண்டிகள் 1882ஆம் ஆண்டின் மலைப் பாதையில் ஓடின. பயண நேரம் ஏறத்தாழ ஒரு மணி கூடியது. வீட்டிலிருந்து மிலானோ வரையான தூரம் ஓர் இரவில் ஒரு மணி நேரம் நீண்டு, ஓராண்டு கழித்து மறுபடி சுருங்கியது. அந்த மாதங்களில் வாஸன் தேவாலயத்தைப் பார்க்கும் பேறு பலருக்கும் விருப்பமில்லாமலே வாய்த்தது. 142 ஆண்டு பழைய பாதையைக் கைவிடாமல் பராமரித்து வைத்திருந்தபடியால்தான் போக்குவரத்து முற்றாக நின்றுபோகவில்லை என்பதையும் மறக்கக் கூடாது.

காரில் போகலாமே என்பார்கள். சாதாரண செவ்வாய்க்கிழமை காலையில் போனால் மூன்றரை மணி நேரத்தில் மிலானோவின் வெளிவட்டச் சாலையை எட்டிவிடலாம். கொத்தார்ட் சாலைச் சுரங்கம் 16.9 கிலோமீற்றர்; 1980 செப்டம்பரில் திறக்கப்பட்டது; அதற்கெனத் தனிக் கட்டணமில்லை, ஆண்டுக்கு 40 பிராங் நெடுஞ்சாலை வில்லை இருந்தால் போதும். எண்பதில் ஓட்டினால் பதின்மூன்று நிமிடத்தில் மறுபக்கம். ஆனால் பெரிய வெள்ளிக்கு முந்திய நாளிலோ, பாடசாலை விடுமுறை தொடங்கும் சனிக்கிழமையிலோ சுவிஸ் வானொலியைத் திறந்தால், எர்ஸ்ட்ஃபெல்டுக்கும் கோஷெனனுக்கும் இடையே இத்தனை கிலோமீற்றர் நெரிசல் என்ற அறிவிப்பு மணிக்கு மணி வந்துகொண்டிருக்கும். ஒரு கிலோமீற்றருக்குப் பத்து நிமிடம் என்பது இங்கே எல்லோருக்கும் மனப்பாடமான கணக்கு. பத்துக் கிலோமீற்றர் என்றால் ஒரு மணி நாற்பது நிமிடம், அசையாமல். அப்படி ஒரு வரிசையில் நாங்கள் சிக்கியிருந்தபோது, முன்னால் நின்ற டச்சுக்காரக் குடும்பம் வீதியோரத்தில் மடக்கு நாற்காலியைப் போட்டுப் பிள்ளைகளுக்குப் பழம் நறுக்கிக் கொடுத்தது. நாங்கள் கட்டிக்கொண்டு போன இடியப்பமும் சம்பலும் மிலானோவுக்குப் போகவில்லை, உரி மாநிலத்திலேயே தீர்ந்தது.

நெடுஞ்சாலையைவிட்டு இறங்கி ஊர்ச் சாலைகளால் வரிசையை முந்தலாம் என்று எண்ணுபவர்களுக்காக, நெரிசல் நாட்களில் கோஷெனன் நுழைவழியை மூடிவிடுகிறார்கள். ஊர்மக்களின் பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு. கோடையில் கணவாய்ச் சாலை திறந்திருக்கும், அழகானது, ஆனால் எல்லோருக்கும் அதே எண்ணம் வருகிறது. கிழக்கே சான் பெர்னார்தினோ சுரங்கம் வழியே சுற்றிப் போகலாம். அங்கும் அதே கதை.

இதற்கு இரண்டாவது சாலைக் குழாய் தீர்வாகும் என்று நினைத்தவர்களில் எங்கள் மைத்துனரும் ஒருவர். 2016 பிப்ரவரி வாக்கெடுப்பில் மக்கள் அதற்கு ஒப்புதல் அளித்தார்கள், தோண்டும் வேலையும் நடக்கிறது. ஆனால் 1994இன் அரசமைப்பு விதி அல்ப்ஸ் ஊடுசாலைகளின் கொள்ளளவைக் கூட்டுவதைத் தடுக்கிறது. ஆகவே புதிய குழாய் திறந்து பழையதைத் திருத்தி முடித்த பின்னரும், ஒவ்வொரு குழாயிலும் ஒரே ஒரு தடத்தில்தான் வாகனங்கள் போகும். 2001 அக்டோபரில் இரண்டு பாரவூர்திகள் எதிரெதிரே மோதித் தீப்பற்றி 11 பேர் இறந்த விபத்து போன்றது இனி நேராதபடி இரு திசைப் போக்குவரத்தும் பிரிக்கப்படும். பாதுகாப்பு கூடும், வரிசை குறையாது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பள்ளத்தாக்கில் வாழ்பவர்களின் மூச்சுக்காற்றுக்கு வைத்த விலையாக அந்த வரிசையை வாக்காளர்கள் தெரிந்தே ஏற்றுக்கொண்டார்கள் என்பதே என் எண்ணம்.

வானூர்தியைப் பற்றி ஒரு வரி போதும். மேலே பறப்பது ஒரு மணி நேரத்துக்கும் குறைவுதான். ஆனால் மல்பென்சா நிலையம் மிலானோவிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீற்றர் தள்ளி இருக்கிறது, அங்கிருந்து நகருக்குள் தொடருந்தில் வரவே ஒரு மணி நேரம் போய்விடும்.

கிலோமீற்றரிலும் மணியிலும் அடங்காத இன்னொரு தூரம் எங்கள் மக்களுக்கு நன்றாகத் தெரியும். சுவிற்சர்லாந்து 2008 டிசம்பரில் ஷெங்கன் பகுதியில் இணைந்த பிறகு கியாசோவில் கடவுச்சீட்டு முறையாகச் சோதிக்கப்படுவதில்லை என்பது குடியுரிமையோ நிரந்தர வதிவிட அனுமதியோ உள்ளவர்களுக்கான வசதி. தற்காலிகமாக அனுமதிக்கப்பட்டவர்களுக்குக் கொடுக்கப்படும் எஃப் அனுமதி அட்டையோடு இருப்பவர் நாட்டைவிட்டு வெளியே போய்வர முன்கூட்டியே திரும்பிவரும் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும், அதுவும் குறிப்பிட்ட காரணங்களுக்கே கிடைக்கும். எங்கள் தெருவில் இருந்த ஓர் அண்ணருக்குச் சூரிச்சிலிருந்து லுகானோ வரை இரண்டு மணி நேரம். அங்கிருந்து மிலானோவிலுள்ள தங்கையின் வீட்டுக்கு, அனுமதி மாறும்வரை, பல ஆண்டுகள். கியாசோவில் இறங்கி மேடையில் நின்றே தங்கையைச் சந்தித்துவிட்டு வருவார்.

திரும்பி வரும்போது சுங்கத்தையும் நினைவில் வைக்க வேண்டும். சுவிஸ் ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க ஒன்றியத்தில் இல்லை என்பதால் அதிகாரிகள் வண்டியில் ஏறிப் பைகளைப் பார்ப்பது உண்டு. 2025 தொடக்கத்திலிருந்து ஒருவர் வரியின்றிக் கொண்டுவரக்கூடிய பொருள்களின் மதிப்பு 300 பிராங்கிலிருந்து 150 ஆகக் குறைந்துவிட்டது. இறைச்சி ஆளுக்கு ஒரு கிலோ மட்டுமே. மிலானோவில் ஆட்டிறைச்சி மலிவு என்று கேள்விப்பட்டு வரும் விருந்தினர்களிடம் இதைத்தான் முதலில் சொல்வேன்.

ஆகவே, ஒரே நாளில் போய்த் திரும்பலாமா என்றால், தொடருந்தில் தாராளமாகத் திரும்பலாம். நேரடி வண்டிகள் பகலில் பெரும்பாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று ஓடுகின்றன. எல்லையைக் கடக்கும் பயணத்துக்கு இருக்கை முன்பதிவு கட்டாயம் என்பதால் கோடை வார இறுதிகளில் கடைசி நேரத்தில் நிலையத்துக்குப் போய் நிற்கக் கூடாது. காலையில் முதல் வண்டிகளில் ஒன்றைப் பிடித்தால் மதியத்துக்கு வெகு முன்னரே தேவாலயச் சதுக்கத்தில் நிற்கலாம். இரவு தங்க முடிந்தவர்களுக்கு நான் பரிந்துரைப்பது வேறு: போகும்போது அடிவாரச் சுரங்கம், வரும்போது பெலின்சோனாவில் இறங்கி, மலைப் பாதையில் ஓடும் செம்பு நிற வட்டார வண்டிக்கு மாறிச் சூரிச் வருவது. அதற்கு முன்பதிவு தேவையில்லை. பெலின்சோனாவிலிருந்து சூரிச்சுக்கு அடிவார வழியில் ஏறத்தாழ ஒன்றேமுக்கால் மணி நேரம் என்றால் இந்த வழியில் மூன்று மணி நேரம் ஆகும். சித்திக்கு வேண்டுமானால் வாஸன் தேவாலயத்தை இன்னொரு முறை எண்ணிப் பார்க்கலாம். இந்த முறை மேலிருந்து கீழாக.